எடுத்த படமும் கொடுத்த படமும்

— கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்

சங்கங்களின் பேரேடுகளையும் ரொக்கப் புத்தகங்களையும் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவனுக்குக் காமிரா எதற்கு என்று அங்கத்தினர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. வாரமெல்லாம் எண்களோடு பழகும் கண்ணுக்கு விடுமுறை நாளில் வேறொரு வேலை கொடுப்பது நல்லது என்பதே என் விடை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் பெற்று, பிறர் வைத்திருந்து விற்ற காமிரா ஒன்றை வாங்கினேன். அந்தக் கடன் தவணை தவறாமல் தீர்ந்துவிட்டது. ஆயின் அதே காமிராவினால் எனக்கு வேறொரு கடனும் ஏறிக்கொண்டிருந்தது. அது எனக்கே தெரியாது. அதை எனக்கு எடுத்துக் காட்டியவர் தரங்கம்பாடியை அடுத்த கடற்கரையில் மீன் உலர்த்தும் மூதாட்டி ஒருவர். அந்தக் காலைப் பொழுதின் செய்தியை நம் பத்திரிகை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புலரும் முன்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை நாலரை மணிக்கு மயிலாடுதுறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் தாளடியின் ஊடே உளுந்தும் பயறும் பசுமை கட்டியிருந்தன. பனி அவற்றின்மேல் படர்ந்து கிடந்தது. இந்தப் பாதைக்கு இணையாக ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1926இல் தொடங்கிய அந்த ரயில் 1986இல் நின்றுவிட்டது.

படம் எடுப்பவன் ஏன் இப்படி இருட்டில் கிளம்ப வேண்டும் என்று கேட்கலாம். நெசவாளத் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுப்பதும் இதே நேரந்தான். வெயில் ஏறினால் கஞ்சி விரைந்து காய்ந்து இழை முறுகிப் போகும். படத்திற்கும் அப்படியே. கதிரவன் அடிவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி சாய்வாக வந்து, மிகுந்த தூரம் காற்று மண்டலத்தைக் கடக்கிறது. வழியில் நீல ஒளி பெரிதும் சிதறிப்போக, செம்மையும் மஞ்சளும் மிஞ்சி நம்மை வந்தடைகின்றன. நிழல் நீண்டும் மென்மையாகவும் விழுகிறது. ஒரு மணி நேரம் சென்றால் ஒளி வெளுத்து, நிழல் கறுத்து, முகத்தில் கண்குழிகள் இருண்டு தோன்றும். ஆகவே, விடிந்தபின் முதல் அரைமணி நேரத்தை எவன் தவறவிடுகிறானோ அவன் அன்றைய கூலியைத் தவறவிட்டவனாவான்.

கோட்டையும் கோயிலும்

ஊருக்குள் நுழையும்போது நம்மை வரவேற்பது 1792இல் எடுத்துக் கட்டப்பெற்ற நகர வாயில். அதற்கப்பால் நேரே சென்றால் கடலும் டேனிஷ் கோட்டையும். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் நாட்டு வணிகர் இங்கே கோட்டை கட்டினர். அவர்களை இத்தனை தூரம் இழுத்து வந்த பொருள்களுள் மிளகோடு நம் நெசவாளர் முன்னோர் நெய்த துணியும் ஒன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். 1706இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் பாதிரியார், தாம் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் இவ்வூர் அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார்.

கோட்டைக்கு வடக்கே, கடலோரத்தில், 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. எஞ்சியது புதுப்பிக்கப்பெற்று, முன்னால் பாறைகளை அணைகட்டி நிற்கிறது.

கிழக்குக் கடற்கரையில் படமெடுப்பவன் முதலில் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கதிரவன் கடலிலிருந்து எழுவதால், கட்டடங்களை எடுக்கும்போது முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கவேண்டும். அப்போது ஒளி நேரே சுவரின்மீது விழும். கோட்டைச் சுவரும் கோயிலும் அவ்வாறே அன்று பொன்னிறம் ஏறி நின்றன. கருவியை முக்காலியில் நிறுத்தி, அடிவானக் கோடு சாயாதிருக்கிறதா என்று பார்த்து, ஆறேழு படங்கள் எடுத்தேன். உப்புத் திவலை கண்ணாடியில் படிந்தால் படம் முழுவதும் மங்கும். அதனால் மெல்லிய துணியால் அடிக்கடி துடைத்துக்கொண்டேன். கடற்கரையில் லென்சைக் கழற்றி மாற்றவே கூடாது. மணலும் உப்பும் உட்புகுந்தால் கருவி பழுதாகும்.

கட்டடங்களை எடுப்பதில் ஒரு வசதி உண்டு. அவை நகரா, கேள்வியும் கேளா. இந்தியாவில் படக்கலை பரவிய தொடக்க காலத்தில், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் 1858இல் தஞ்சை, மதுரை ஆகிய ஊர்களின் கோயில்களைக் காகித நெகட்டிவில் பதித்தார். அந்தப் படங்களில் கல்லெல்லாம் துலங்கும். மனிதர் மிக அரிதாகவே தென்படுவர். அக்காலக் கருவிக்கு நெடுநேர ஒளி தேவைப்பட்டது. நடமாடும் மனிதனை அதனால் பற்ற இயலவில்லை. இன்றைய கருவியோ 1/500 வினாடியில் அலைத் துளியையே அந்தரத்தில் நிறுத்திவிடுகிறது. ஆகவே மனிதன் படத்தில் இல்லை என்றால், குறை இனிக் கருவியினுடையது ஆகாது.

கரைவலை

கோயிலைக் கடந்து வடக்கே நடந்தேன். சற்று தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தனர். பெரியவலை என்றும் அதைச் சொல்வதுண்டு. படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். நடுவில் இருக்கும் மடி கரையேறும் வரையில் இரு அணியும் ஒரே வேகத்தில் இழுத்தாகவேண்டும். ஓரணி முந்தினால் வலை கோணி மீன் தப்பிவிடும். இழுக்க இழுக்க இரு அணிகளும் மெல்ல நெருங்கிவரும். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர் ஏற்று ஒலிக்க, அந்த ஓசைக்கேற்ப முப்பது பேரின் கால்கள் மணலில் ஊன்றும்.

அப்பொழுதுதான் கதிரவன் எழுந்தது. கயிற்றைப் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்த உடல்கள் செந்நிற வானத்தின் எதிரே கரிய உருவங்களாய் வரிசைப்பட்டன. படமெடுப்பவர்க்கு இதைவிட இனிய காட்சி கிடையாது. மணலில் மண்டியிட்டுத் தொடர்ந்து எடுத்தேன். இருபதுக்குமேல் ஆயிற்று.

கயிற்றின் கடைசியில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு கை புடிங்க" என்றார். மறுக்க முடியவில்லை. காமிராவைப் பையில் போட்டுப் படகின் நிழலில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பற்றினேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை எரியத் தொடங்கிற்று. மடி கரையேறி, வெள்ளி மின்னலாக நெத்திலியும் காரப்பொடியும் துள்ளிய அந்தக் கணத்தில், என் கையில் காமிரா இல்லை, கயிறுதான் இருந்தது. அன்றைய காலையின் மிகச் சிறந்த படத்தை நான் எடுக்கவில்லை.

மீன் விற்ற இடத்திலேயே கணக்கும் முடிந்தது. செலவைக் கழித்து, வலைக்கும் படகுக்கும் உரிய பங்கை ஒதுக்கி, எஞ்சியதை இழுத்தவர்களுக்குப் பிரித்தார்கள். மினிட் புத்தகம் இல்லை, பேரேடு இல்லை, எட்டு மணிக்குள் ஒருவருக்கொருவர் பாக்கியில்லை. தணிக்கைக்காரனான எனக்குச் சற்றுப் பொறாமையாகவே இருந்தது. கடைசி அரைமணி நேரம் மட்டும் இழுத்த எனக்கும் ஓலைக் கொட்டானில் ஒரு கையளவு நெத்திலி வந்தது. நான் வேண்டாமென்றபோது அப்பெரியவர், "இழுத்தவனுக்குப் பங்கு உண்டு தம்பி. பங்கை வேணாம்னு சொல்லக் கூடாது" என்றார்.

மூதாட்டியின் கேள்வி

மணலில் வலையை விரித்து அதன்மேல் மீன் பரப்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நான் எடுத்த படங்களைப் பார்க்க விரும்பினார். காமிராவின் பின்புறத் திரையில் பெருமையோடு காட்டினேன். செவ்வானம், கயிறு, கரிய உருவங்கள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்.

"படம் அழகாத்தான் இருக்கு. இது யாரு தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. "எங்க ஆளுங்கதான். ஆனா ஒருத்தர் முகத்தையும் காணோமே" என்றார்.

படக்கலை பயின்றோர் இதற்குக் காரணம் சொல்வர். கருவி தானாக ஒளியை அளக்கும்போது, பின்னால் இருக்கும் வானத்தின் பேரொளியைக் கணக்கில் கொண்டு துவாரத்தைச் சுருக்கிவிடுகிறது. முன்னால் நிற்பவர் கறுத்துப்போகிறார். முகம் வேண்டுமானால் ஒளியை முகத்திலிருந்து அளக்கவேண்டும். வானம் வெளுத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். அல்லது ஒளி பக்கவாட்டில் விழுமாறு இடம் மாறி நிற்கவேண்டும். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் நான்கு ஆண்டுகளாக வானத்தையே தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன். ஏனெனில் அது அழகாயிருந்தது.

அவர் அடுத்துக் கேட்டது இன்னும் எளிய கேள்வி. "எடுத்துக்கிட்டுப் போறீங்களே, எடுத்தவங்க யாராச்சும் எங்களுக்கு ஒண்ணு குடுத்தது உண்டா?"

பின்பு தம் கதையைச் சொன்னார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலையில் வந்த ஆழிப்பேரலையில், அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடி அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தது. 2020இல்தான் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று. மாண்டவர்களுள் இந்த அம்மையாரின் ஒன்பது வயது மகளும் ஒருத்தி. வீடு, பெட்டி, குடும்ப அட்டை, கலியாணப் படம் எல்லாம் அன்றே போயின. அதன் பின்னர் முகாமுக்கு எத்தனையோ பேர் வந்து அழுகிற முகங்களைப் படமெடுத்துச் சென்றனர். அவற்றுள் ஒன்றும் திரும்பி வரவில்லை. அதைப்பற்றி அவர் பெரிதாக வருந்தவில்லை. அவருடைய குறை வேறு.

அலை வருவதற்கு முந்தைய ஆண்டு, கோட்டையைப் பார்க்க வந்த வெளியூரார் ஒருவர், கடலோரக் கல்லில் சிப்பியை வைத்து விளையாடிக்கொண்டிருந்த அந்தச் சிறுமியைப் படம் எடுத்தாராம். முன்பல் விழுந்திருந்த சமயம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அனுப்புகிறேன் என்று சொல்லி விலாசமும் எழுதிக்கொண்டு போனாராம். அந்தக் குழந்தையை வாழ்நாளில் ஒருவர் படமெடுத்தது அந்த ஒரே முறைதான்.

"அந்தப் படம் எங்கேயோ இருக்கும் தம்பி. யார் வீட்டுச் செவுத்திலோ மாட்டிகூட வச்சிருப்பாங்க. அவங்களுக்கு அவ யாருன்னு தெரியாது. எனக்கு அவ முகம் வரவர மறந்துகிட்டே போகுது."

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

நிலுவைப் பட்டியல்

வீடு திரும்பியதும் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த படங்களைத் திறந்து ஒரு கணக்கு எடுத்தேன். சங்கத்துக் கடன் நிலுவைப் பட்டியல் தயாரிப்பது போலவே கோடு போட்டு எழுதினேன். நான்கு ஆண்டுகளில் மனிதரைக் காட்டும் படங்கள் அறுநூறுக்குமேல் இருந்தன. அவற்றுள் உரியவர்க்கு அச்சிட்டுக் கொடுத்தவை பதினொன்று. அந்தப் பதினொன்றும் என் உறவினர்க்குக் கொடுத்தவை. 'கட்டாயம் கொண்டுவந்து தருகிறேன்' என்று நான் வாய்விட்டுச் சொன்னதாக நினைவிருக்கும் ஆட்கள் மட்டும் இருபத்திரண்டு பேர். தவணை தவறிய அங்கத்தினருக்கு எத்தனை முறை அறிவிப்பு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்! என் பெயருக்கு ஓர் அறிவிப்பும் வரவில்லை.

பட்டியலில் முதலில் நின்றவர் கூறைநாட்டு நெசவாளர் ஒருவர். இரண்டாண்டுகளுக்கு முன் அவர் தறியில் அமர்ந்திருக்கும் படத்தை எடுத்து, நவம்பர் மாதக் கூட்டுறவு வார விழாவில் பெரிதாக்கி வைத்தோம். வந்தவர் எல்லாரும் பாராட்டினர். அவருக்கு மட்டும் ஒரு பிரதி போய்ச் சேரவில்லை. மறுநாளே அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தம் முகத்தை அல்ல, தறியிலிருந்த புடவையை.

"மூணாவது கட்டத்துல ஒரு இழை அறுந்து கெடக்கே சார். இதையா எல்லாரும் பாக்குற எடத்துல வச்சீங்க?"

ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்றேன். "என்கிட்ட முதல்ல காட்டியிருந்தா, முடிச்சுப் போட்ட பிறகு எடுத்திருக்கலாமே" என்றார். படத்தை உரியவரிடம் கொடுப்பதனால் வரும் பயன் அன்பு மட்டுமன்று. பிழை திருத்தமுங்கூட என்பதை அன்று உணர்ந்தேன்.

மூன்று வாரம் சென்று, பதினேழு படங்களோடு மீண்டும் அக்கடற்கரைக்குப் போனேன். அஞ்சலட்டை அளவில் பதினேழு படம் அச்சிட்ட செலவு, குடும்பத்தோடு ஒரு மாலை சினிமாவுக்குப் போகும் செலவைவிடக் குறைவு. கரிய உருவங்களாய் விழுந்தவற்றில் யார் யார் என்று கண்டுபிடிப்பதே அங்கு ஒரு வேடிக்கையாயிற்று. நின்ற நிலையைக் கொண்டு சிலரைக் கண்டனர். கயிறு பற்றிய கைகளை மட்டும் காட்டும் ஒரு படத்தை ஒருவரும் தம்முடையதென்று சொல்லவில்லை. கூடை தூக்கி வந்த பெண்மணி ஒருவர் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்காரர் கையி" என்று வாங்கிப் போனார்.

அன்று வானத்தை விட்டுவிட்டேன். கேட்டு, சம்மதம் பெற்று, முகத்தில் ஒளி விழும்படி நிறுத்தி, முகங்களையே எடுத்தேன். மூதாட்டி தம் மகன் வயிற்றுப் பேத்தியை அழைத்து வந்தார். அத்தையின் சாயல் என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். முன்பு மகள் உட்கார்ந்த கல் எது என்று தெரியவில்லை; பாறைகளை இறக்கி அணைகட்டியதில் இடமே மாறிவிட்டது. ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் பேத்தியை உட்காரவைத்தார். தாமும் அருகே நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் அந்தப் படத்தைக் கொடுத்தேன். பின்புறத்தில் பென்சிலால் இருவர் பெயரும், ஊரும், தேதியும் எழுதியிருந்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. பேத்தியைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். பிறகு, "உப்புக் காத்துல எத்தனை நாள் தாங்கும்?" என்றார். ஈரச் சுவரில் படாமல் கண்ணாடிச் சட்டத்தில் வைத்தால் பல ஆண்டு நிற்குமென்றேன். "இது போனாலும் என்னிடம் ஒன்று இருக்கிறது அம்மா. எந்த வருஷம் கேட்டாலும் தருவேன்" என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். அவர் மகளின் படத்திற்கு இது ஈடாகாது என்பதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இன்று அங்கத்தினர் பலரிடமும் காமிராவுள்ள கைபேசி இருக்கிறது. ஆகவே இது புகைப்படக்காரர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சங்க விழாக்களில் மாலை போட்டுக்கொள்ளும் விருந்தினரின் படம் தவறாமல் சட்டமேறுகிறது. தறியில் அமர்ந்த அங்கத்தினரும், நாற்றுப் பறித்த அங்கத்தினரும் படத்தில் விழுந்தாலும், பெயரின்றி, பிரதியின்றிப் போகிறார்கள். கைபேசி பழுதானால் படமும் போகிறது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலில், ஓடும் கூரையும் பறிகொடுத்த குடும்பங்கள் படங்களையும் பத்திரங்களையும் சேர்த்தே இழந்தன.

எனவே ஒவ்வொரு சங்கமும் செய்யத்தக்கவை சில. ஒருவரை எடுக்குமுன் கேட்டு எடுங்கள். குழந்தையானால் பெற்றோரைக் கேளுங்கள். முகம் தெரியும்படி எடுங்கள். பின்புறத்தில் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். ஒரு பிரதியை உரியவரிடம் கொடுங்கள். இன்னொரு பிரதியை வேறோர் ஊரில் பத்திரமாக வையுங்கள்.

பணம் பெற்றுக்கொண்டு ரசீது கொடாத காரியதரிசியை நாம் மன்னிப்பதில்லை. படத்திற்கும் அதே விதிதான். எடுத்தவனிடம் இருப்பது அடிக்கட்டை. ரசீது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாலன்றிக் கணக்கு நேராகாது. என் பட்டியலில் இன்னும் பதினான்கு பேர் நிலுவையில் இருக்கிறார்கள். ஆடிக்குள் தீர்த்துவிடுவதாகத் திட்டம். ஒவ்வொரு ஞாயிறும் காலையில் கடற்கரைக்குப் புறப்படும்போது, காமிராப் பைக்குள் அச்சிட்ட படங்களின் உறை ஒன்றும் இப்போது இருக்கிறது.